சாங்கியில் ஒரு நாள்



பள்ளி விடுமுறை வந்துவிட்டால் எங்காவது அழைத்துப் போகும்படி பிள்ளைகள் நச்சரிப்பார்கள். ஏரி, மலை, கோட்டை பார்க்க வெகுதூரம் போக வேண்டியதில்லை. ஜொகூர் பாலம் தாண்டினால் சிங்கப்பூர். அதன் கிழக்குக் கோடியில் சாங்கி. அந்தப் பெயரைக் கேட்டதும் விமான நிலையம்தான் நம் நினைவுக்கு வருகிறது. பார்க்க வேண்டியவை அதற்கு அப்பாலும் உண்டு.

காலையிலேயே சாங்கி படகுத்துறைக்குப் போய்விடுங்கள். பன்னிரண்டு பேர் சேர்ந்ததும் படகை எடுப்பார்கள். பத்துப் பதினைந்து நிமிடத்தில் புலாவ் உபின் தீவு. கம்பத்து வீடுகளும் பழைய ரப்பர் மரங்களும் உங்களை வரவேற்கும். அங்குள்ள ஏரிகள் கண்ணுக்குக் குளிர்ச்சி. நாரைகள் கூடு கட்டுகின்றன. ஆனால் அவை இயற்கை ஏரிகள் அல்ல. தொழிலாளர்கள் கருங்கல் உடைத்தெடுத்த குழிகள். 1999-இல் அந்தத் தொழில் அங்கே முடிந்தது. குழிகள் நீர் நிறைந்து ஏரிகளாயின. 1924-இல் திறக்கப்பட்ட ஜொகூர் பாலத்துக்கும் இந்தத் தீவின் கல் போயிருக்கிறது. நீங்கள் பஸ்ஸில் கடந்து வந்தது அந்தக் கல்லின் மேல்தான்!

மலை என்று கேட்டால் சிங்கப்பூரிலேயே உயரமான புக்கிட் தீமா 163 மீட்டர்தான். நம் லேடாங் மலையோ 1,276 மீட்டர். பிள்ளைகள் சற்றுப் பெருமைப்படட்டும்!

கரை திரும்பி, சாங்கி அங்காடியில் நாசி லெமாக் சாப்பிட்டுவிட்டுக் கோட்டைக்குப் புறப்படுங்கள். வெள்ளையர்கள் 1930-களில் அமைத்த ஜொகூர் பீரங்கித் தளத்தில் மூன்று பெரும் பீரங்கிகள் இருந்தன. ஒரு குண்டின் எடை 800 கிலோவுக்கும் மேல். அத்தனை இருந்தும் 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. இன்று அங்கே நிற்பது மாதிரிப் பீரங்கிதான். நிலத்தடிக் குண்டுக் கிடங்கின் அமைப்பைத் தரையில் குறித்து வைத்திருக்கிறார்கள்.

அருகிலேயே 1936-இல் கட்டிய சாங்கிச் சிறையின் பழைய வாயிலும் சுவரும், சற்றுத் தள்ளி அருங்காட்சியகமும் உள்ளன. திங்கட்கிழமை போய் ஏமாறாதீர்கள், அன்று விடுமுறை.

அருங்காட்சியகத்தில் சற்று நின்று யோசியுங்கள். சாங்கியிலிருந்து போர்க்கைதிகளை சயாம் ரயில் பாதை போட அனுப்பினார்கள். அதே பாதைக்கு நம் தோட்டங்களிலிருந்தும் ஆயிரக்கணக்கான தமிழர்களை ஏற்றிச் சென்றார்கள். கைதிகளில் 12,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆசியத் தொழிலாளர்களில் மாண்டவர்கள் அதைவிடப் பல மடங்கு. கிராஞ்சி நினைவிடத்தின் சுவர்களில் போரில் இறந்த 24,000-க்கும் அதிகமானோரின் பெயர்கள் செதுக்கப்பட்டுள்ளன. அவர்களில் இந்திய வீரர்களும் உண்டு. சயாமில் மடிந்த தோட்டத் தொழிலாளிக்கோ முழுமையான பெயர்ப் பட்டியலே கிடையாது.

பட்டாளத்தில் ஒவ்வொருவருக்கும் பதிவேடு இருந்தது. லயத்து வீட்டிலிருந்து போனவரை யார் எழுதி வைத்தார்கள்?

ஆகவே, வீடு திரும்பியதும் ஒரு வேலை செய்யுங்கள். தாத்தா பாட்டியிடம், இல்லையேல் அவர்கள் சொல்லக் கேட்ட பெரியப்பா, அத்தையிடம் உட்காருங்கள். சயாமுக்குப் போனவர் யார், எந்தத் தோட்டம், திரும்பினாரா என்று கேட்டு, பிள்ளையின் நோட்டுப் புத்தகத்திலேயே எழுதச் சொல்லுங்கள். ஒரே ஒரு பெயர் கிடைத்தாலும் போதும். சொல்லத் தெரிந்தவர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகிறார்கள். அடுத்த விடுமுறைக்குத் தள்ளிப் போடாதீர்கள்.