எந்தப் பட்டமானாலும் காக்கி அணியலாம்!

"பி.காம். படித்த பிள்ளை போலீஸ் வேலைக்கா? படிப்பு வீணாகிவிடுமே!"

தூத்துக்குடியிலும் காயல்பட்டினத்திலும் குலசேகரன்பட்டினத்திலும் நம் பெற்றோர் பலர் கேட்கும் கேள்வி இது. பட்டம் வாங்கிய கையோடு பாஸ்போர்ட் வாங்கி வளைகுடாவுக்கு அனுப்பினால் மட்டும் படிப்பு வீணாகவில்லையா? விலங்கியல் படித்தவர் அங்கே கடையில் கணக்கு எழுதவில்லையா?

தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்தும் சப்-இன்ஸ்பெக்டர் தேர்வுக்கு ஏதேனும் ஒரு பட்டம் போதும். சட்டம் படித்திருக்க வேண்டிய அவசியமில்லை. தேர்வானவர்களுக்கு வண்டலூரை அடுத்த ஊனமாஞ்சேரியில் உள்ள காவல் உயர் பயிற்சியகத்தில் சட்டம், புலன் விசாரணை, கவாத்து, துப்பாக்கி என எல்லாம் கற்றுத் தருகிறார்கள். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. ஆகவே பழைய அதிகாரிகளும் சட்டத்தைப் புதிதாகப் படிக்க வேண்டியதாயிற்று! 2021 முதல் 2023 வரை தமிழகக் காவல்துறைத் தலைவராக இருந்த சைலேந்திர பாபு படித்தது வேளாண்மை. அது அவருக்கு எங்கே தடையாக நின்றது?

கரைக்குத் தேவை படித்தவர்கள்

நம் கடலில் முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றுபோனது. முத்துச் சலாபம் போனாலும் காவல் தேவை போகவில்லை. இலங்கைக்குப் பீடி இலையும் மஞ்சளும் கடத்தப்படுவதும் பிடிபடுவதும் அடிக்கடி வரும் செய்தி. 2001 முதல் கடல் அட்டை பிடிப்பதே குற்றம். அந்த வழக்கை நடத்த விலங்கியல் படித்தவர் வேண்டாமா? வ.உ.சி. துறைமுகத்தை நம்பி நடக்கும் வணிகத்தில் ஒரு மோசடி என்றால், சரக்குச் சீட்டையும் வங்கிக் கணக்கையும் படித்துப் புரிந்துகொள்ள வணிகவியல் படித்தவர் வேண்டாமா? சைபர் குற்றத்துக்குக் கணினி படித்தவர் வேண்டாமா? எந்தப் படிப்பும் காவல் நிலையத்தில் வீணாவதில்லை!

இடம் இருக்கிறது, ஆள் எங்கே?

2006-இல் வந்த சச்சார் குழு அறிக்கையை மேடைதோறும் பேசுகிறோம். மக்கள் தொகையில் 13.4 சதவீதம் இருக்கும் முஸ்லிம்கள் ஐ.பி.எஸ். பதவிகளில் வெறும் 4 சதவீதம் என்றது அது. தமிழகத்தில் 2007-இல் 3.5 சதவீத இட ஒதுக்கீடும் கிடைத்தது. போராடிப் பெற்ற ஒதுக்கீடு இது. ஆனால் விண்ணப்பம் போட வேண்டியது யார்? அரசாங்கம் வீடு தேடி வந்து உடுப்பு மாட்டிவிடுமா?

"அந்தத் துறைக்கா நம் பிள்ளைகளை அனுப்புவது?" என்ற அச்சம் நியாயமானதே. 2018 மே மாதம் தூத்துக்குடித் துப்பாக்கிச் சூட்டில் 13 உயிர்கள் பறிக்கப்பட்டன. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் போலீஸ் சித்திரவதைக்குப் பலியானார்கள். மறக்க முடியுமா? ஆனால் சாத்தான்குளத்தில் அன்றிரவு நடந்ததை நீதித்துறை நடுவரிடம் துணிந்து சொன்னவரும் அதே நிலையத்தின் பெண் தலைமைக் காவலர்தான்! அப்படிப்பட்டவர்கள் ஒவ்வொரு நிலையத்திலும் இருக்க வேண்டும் என்றால், நல்லவர்கள் உள்ளே போயாக வேண்டும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். நம்மவர் தப்பு செய்தால் விட்டுவிடுவதற்காக நம் பிள்ளை காக்கி அணியக் கூடாது. மீனவரோ, உப்பளத் தொழிலாளியோ, யார் புகார் கொண்டு வந்தாலும் நீதி வழங்குபவராக இருக்க வேண்டும். அதுவே சமுதாயத்துக்கும் பெருமை.

தாடி தடையாகும் என்கிறீர்களா? முஸ்லிம் காவலர்கள் நேர்த்தியாகத் தாடி வைக்க 1957-ஆம் ஆண்டின் மெட்ராஸ் போலீஸ் கெஜட்டே இடம் தருகிறது. 2024-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையும் அதைச் சுட்டிக்காட்டி ஒரு முஸ்லிம் காவலர் மீதான தண்டனையை ரத்து செய்தது.

செய்ய வேண்டியது என்ன?

அண்மைத் தேர்வுகளில் நம் பிரிவுக்கு வயது வரம்பு 32. ஆண்களுக்கு உயரம் 170 செ.மீ. வேண்டும், 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும். தமிழ்த் தேர்வில் 100-க்கு 40 எடுக்காதவரின் மற்ற விடைத்தாள் திருத்தப்படுவதே இல்லை. ஆங்கிலப் பள்ளியில் படித்துத் தமிழை மறந்த தம்பிகள் கவனிக்கவும்!

பட்டம் வாங்கிய பிறகு யோசித்தால் தாமதம். கல்லூரி இரண்டாம் ஆண்டிலேயே தொடங்குங்கள். சுபுஹு தொழுகை முடிந்து கடற்கரையில் ஓடுங்கள். ஜமாஅத்துகள் திருமண மண்டபத்தில் ஒரு அறையை மாலை நேரப் படிப்புக்கு ஒதுக்கட்டும். ஓய்வுபெற்ற காவல் அதிகாரிகளை, எந்தச் சமயத்தவராயினும், அழைத்து வகுப்பு எடுக்கச் சொல்லட்டும். நம் சகோதரிகளையும் விட்டுவிடாதீர்கள்; பெண்களுக்கு 30 சதவீத இடம் இருக்கிறது.

காவல் நிலையத்துக்கு வெளியே நின்று கோஷம் போடும் உரிமை நமக்கு உண்டு. உள்ளே மேசைக்குப் பின்னால் அமரும் உரிமையும் உண்டு. இரண்டாவதை எப்போது பயன்படுத்தப் போகிறோம்?