வறட்சியும் ஒட்சியெதிர்ப் பொருள்களும்

மழை பொய்ப்பின் கமக்காரர் படும் இடர் யாவரும் அறிந்ததே. 2016, 2017 ஆம் ஆண்டுகளின் வறட்சியில் உலர் வலயத்துக் குளங்கள் பல வற்றின. வயல்கள் பல விதைக்கப்படாமலே கிடந்தன. இத்தகைய காலங்களில், பயிருக்கு ஒட்சியெதிர்ப் பொருள்களைத் தெளித்தால் வறட்சியைத் தாங்கும் எனும் கூற்று செவிக்கு இனிதாயிருத்தல் இயல்பே. எனினும் அதனை முற்றாக நம்புதலும் முற்றாகத் தள்ளுதலும் தகா.

இக்கூற்றுக்கு அடிப்படை உண்டு. மண்ணில் ஈரம் குறையும்போது பயிர் தன் இலைவாய்களை மூடிக்கொள்ளும். நீர் வெளியேறுதல் குறையும். ஆயின் உணவாக்கத்துக்கு வேண்டிய காபனீரொட்சைட்டு உட்புகுதலும் குறையும். வெயிலோ குறைவதில்லை. கீழ் வாய்க்கால் அடைபட்ட பின்னும் மடை திறந்திருப்பின் நீர் வரம்பை உடைத்துப் பாய்வதன்றோ? அவ்வாறே, பச்சையம் ஏற்ற ஒளிச் சத்தியில் செலவாகாத மிகுதி ஒட்சிசனைச் சார்ந்து, ஐதரசன் பேரொட்சைட்டு முதலிய கொடிய பொருள்களைத் தோற்றுவிக்கும். இவை மிகுந்தால் பச்சையமும் கலமென்சவ்வுகளும் சிதையும். இலை வெளிறிக் கருகும்.

இவற்றைத் தணிக்கும் காவற் பொருள்கள் பயிரிடத்தே இயல்பாகவே உள்ளன. உயிர்ச்சத்து சீ எனப்படும் அசுக்கோபிக்கமிலமும், உயிர்ச்சத்து ஈயும், சில நொதியங்களும் அவற்றுட் சில. அந்நொதியங்களுள் ஒன்றின் தொழிலை மக்கோட், பிரிடோவிச் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர் 1969 ஆம் ஆண்டில் வெளிப்படுத்தினர். அசுக்கோபிக்கமிலத்தையும், பயிரின் சொந்தக் காவலைத் தூண்டும் சலிசிலிக்கமிலத்தையும், முருங்கையிலைச் சாற்றையும் பல நாட்டு ஆய்வாளர் பயிர்களிற் பரீட்சித்துள்ளனர். நன்மை கண்ட பரீட்சைகள் பல; ஆயின் பயனின் அளவு பயிருக்கும் இனத்துக்கும் வறட்சியின் கடுமைக்கும் ஏற்ப வேறுபட்டது. சாடியிற் கண்ட பயன் வயலிலும் அவ்வாறே கிட்டுமென்பது நிச்சயமன்று.

இங்கு மறக்கலாகாதது ஒன்றுண்டு. எக்கலவையும் மண்ணில் நீரை உண்டாக்காது. சிறிது ஈரம் எஞ்சியுள்ள பயிர் இடர் மிக்க சில நாட்களைக் கடக்க இவை துணை செய்யலாம். வேர் வறண்ட பயிரை மீட்கமாட்டா. மருந்தின் அளவும் பொருட்டாகும். சிறு செறிவில் நன்மை தரும் சலிசிலிக்கமிலம் செறிவு மிகின் இலையையே கருக்கும். நீரிற் கரைத்த அசுக்கோபிக்கமிலம் வெளிச்சத்திலும் காற்றிலும் விரைவிற் கெடும்.

ஆகவே பணம் முதலிற் செல்லவேண்டிய இடம் போத்தலன்று, மண்ணேயாம். கூட்டெருவும் மாட்டெருவும் இட்ட மண் ஈரத்தை நெடிது காக்கும். கத்தரி, மிளகாய், தக்காளிப் பாத்திகளை வைக்கோலால் மூடினால் ஆவியாதல் குறையும். நெல்லுக்குக் குடலைப் பருவத்திலும் பூக்கும் பருவத்திலும் நீர் தவறின் பதர் மிகும். எனவே குளத்து நீர் குறைவாயின் அப்பருவங்களுக்கென அதனைச் சேமித்தல் வேண்டும். குறுகிய வயதுடைய இனத்தை உரிய காலத்தில் விதைத்தலும் நன்று. இவற்றைச் செய்யாது கலவையைத் தெளித்தல், ஓட்டைக் குடத்துக்கு வெளிப்பூச்சுப் பூசுதலை ஒக்கும்.

இவையனைத்தும் செய்தபின் கலவையைப் பரீட்சிக்க விரும்புவோர் சிறு அளவிலேயே தொடங்குதல் வேண்டும். ஒரே மண்ணில், ஒரே நாளில் நட்ட பாத்திகளை மூன்று நான்கு சோடிகளாகப் பிரித்து, ஒவ்வொரு சோடியிலும் ஒன்றுக்குக் கலவையையும் மற்றதற்கு அதே அளவு வெறும் நீரையும் தெளிக்க. வெறும் நீர் தெளித்த பாத்தி இன்றேல், பயன் கலவையாலா நனைந்ததாலா என்று அறிய வழியில்லை. விளைவைத் தனித்தனியே நிறுத்து, மிகுதியாகக் கிடைத்ததன் விலையைக் கலவையின் விலையோடும் கூலியோடும் ஒப்பிடுக. முடிவை அயற் கமக்காரருக்கும் விவசாயப் போதனாசிரியருக்கும் கூறுக.

விற்போர் சொல்லும் சான்றிலும் தன் வயல் தரும் சான்றே மேலானது. வறண்ட ஆண்டிற் கமக்காரர் கையிலுள்ள பணம் சிறிது. அது அடுத்த போகத்தின் விதைநெல்லுக்கு உரியது. நிறுத்துப் பாராத நம்பிக்கைக்காக அதனை இழத்தல் ஆகாது.