பாறை மீன் பில்லைப் பாத்துப் பயப்படாது

மக்கா, பதிவு போட்டு ரொம்ப நாளாச்சு. ஆணி ஜாஸ்தி. ஒரு ரிலீஸ், அதுக்கு ஒரு பேட்ச், அந்தப் பேட்சுக்கு இன்னொரு பேட்ச்னு மூணு மாசம் ஓடிப்போச்சு. இன்னிக்கும் எழுதுற மூடு இல்லைதான். ஆனா போன வாரம் ஆபீஸ் கேண்டீன்ல நடந்த ஒரு பஞ்சாயத்து இன்னும் தொண்டையில முள்ளா நிக்குது. துப்பிடறேன்.

விஷயம் இதுதான். அந்தமானுக்கு மீன் பிடிக்கப் போறேன். அதுக்கான தூண்டில் கம்பை நானே செய்யுறேன். இதைக் கேட்ட நம்ம டீம் நண்பர் ஒருத்தர் சிரிச்சுக்கிட்டே, "கை நிறைய சம்பளம் வாங்குற, நல்லதா ஒண்ணு வாங்கித் தொலைய வேண்டியதுதானே? ராத்திரி பூரா உக்காந்து நூல் சுத்துறியாமே, நீ என்ன தறிக்காரனா?"ன்னார். சுத்தி இருந்த எல்லாரும் கெக்கேபிக்கேன்னு சிரிச்சாங்க. நானும் சிரிச்சு வச்சேன். சீட்டுக்கு வந்தப்புறம்தான் சுருக்குன்னுச்சு. எங்க தாத்தா பரமக்குடியில தறி போட்டவர்.

சரி, உணர்ச்சிவசப்படாம ஒவ்வொண்ணா பாப்போம்.

முதல்ல என் கட்சிக்காரங்களையே ஒரு சாத்து சாத்திடறேன். "நீயே செஞ்சா காசு மிச்சம்"னு சொல்றாங்க பாருங்க, அது சுத்தப் பொய். என் கணக்கை அப்படியே தர்றேன். கார்பன் வெறும் கம்பு 14,500. நூல் ஓடுற வளையங்கள் ஒரு செட் 8,200. ரீல் மாட்டுற சீட் 2,600. கைப்பிடி ஃபோம் 900. நூல், எபாக்ஸி, இதர சாமான் 1,900. வெளிநாட்டுல இருந்து வர்ற கூரியரும் வரியும் 9,700. ஆக மொத்தம் 37,800 ரூபாய். இதே தரத்துல ரெடிமேடா 35,000க்கே கிடைக்குது. மூணு வாரக் கடைசி தூக்கத்தைக் கணக்குலயே சேக்கல. காசு மிச்சம் பண்ண நினைக்கிறவங்க பேசாம கடைக்குப் போங்க. நான் செய்யுறதுக்குக் காரணமே வேற.

2022 பிப்ரவரியில முதல் தடவை அந்தமான் போனேன். கையில நல்ல விலை குடுத்து வாங்கின ரெடிமேட் ராடு. ஊரு போர்ட் பிளேர். (2024 செப்டம்பர்ல ஸ்ரீ விஜயபுரம்னு பேர் மாத்தினாங்களே, அதேதான்.) அங்க நாம தேடிப் போற ஆளு பாறை மீன் சாதியிலயே பெரியண்ணன். உலகத்துல தூண்டில்ல பிடிச்சதுல சாதனை 72.8 கிலோ, 2006ல ஜப்பான்ல. பவளப்பாறை ஓரமா அலை உடையிற இடத்துல 150 கிராம் எடையில மரத்துல செஞ்ச பொய் மீனைத் தூக்கி எறிஞ்சு, தண்ணிய 'பளக் பளக்'னு அடிக்க வச்சு இழுக்கணும். அவரு அடிச்சார்னா பக்கெட்டைக் கடல்ல கவுத்த மாதிரி சத்தம் வரும். கடிச்சதும் நேரா பாறைக்குத்தான் ஓடுவார். நிறுத்தலைன்னா நூல் பவளத்துல உரசி அறுந்துடும்.

எனக்கு அறுந்துச்சு. ஆனா பவளத்துல இல்ல. நுனி வளையத்துக்குள்ள இருக்கிற செராமிக் வளையம் எப்பவோ விரிசல் விட்டு, அந்த நேரம் பாத்துக் கழண்டு விழுந்துருச்சு. அரை மில்லிமீட்டர் தடிமன் பின்னல் நூலு, வெறும் உலோகச் சட்டத்துல உரசி பொட்டுனு போச்சு. ஃப்ளைட்டுல வந்தப்போ அடி பட்டிருக்கலாம், கடையிலயே அப்படி இருந்திருக்கலாம். என் வருத்தம் ராடு போனது இல்ல. வாயில ரெண்டு மூமுள்ளோட, 150 கிராம் கட்டைய இழுத்துக்கிட்டு அந்த மீன் போச்சு. விளையாடப் போனவன் நான், தண்டனை அதுக்கு. அன்னிக்கு ராத்திரி சோறு இறங்கல.

படகோட்டி அண்ணன் ஒண்ணும் திட்டல. கொஞ்சம் பஞ்சை எடுத்து ஒவ்வொரு வளையத்துக்குள்ளயும் சுத்தி எடுத்துக் காட்டினார். விரிசல் இருந்தா பஞ்சு இழை மாட்டும். மூணாவது வளையத்துலயும் மாட்டுச்சு. பத்து பைசா செலவில்லாத சோதனை. எனக்குத் தெரியல. ஏன் தெரியல? வாங்கினவனுக்கு விலைதான் தெரியும். செஞ்சவனுக்குத்தான் எங்க உடையும்னு தெரியும்.

அடுத்தது, "அவங்க பெரிய கம்பெனி, ஆராய்ச்சி பண்ணித்தானே செய்யுறாங்க?" பண்றாங்க சாமி, யாரு இல்லைன்னா? ஆனா யாரோட உடம்புக்கு? நான் 5 அடி 5 அங்குலம், 61 கிலோ. கொஞ்சம் ஒன்பதாம் வகுப்பு இயற்பியல் பேசுவோமா? மீன் 10 கிலோ விசையில இழுக்குதுன்னு வைங்க. கம்போட அடி இடுப்புப் பெல்ட்டுல. வளைஞ்ச கம்பு நுனியில நூல் இறங்குற கோடு, அடியில இருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி. முன் கை 75 செ.மீ. தள்ளிப் பிடிச்சா, 10 பெருக்கல் 1.5 வகுத்தல் 0.75. கை தாங்க வேண்டியது 20 கிலோ. ரெடிமேட் ராடுல கைப்பிடி அங்கதான் இருந்துச்சு. ஆறடி ஆளுக்கு அது சொகுசு. எனக்கு கை முழுசா நீண்டு, முதுகுதான் வேலை செஞ்சுது. கணக்குல 20 கிலோ, உடம்புக்கு 40.

அதனால மொட்டை மாடியில ஒட்டடைக் கம்பையும் ஸ்பிரிங் தராசையும் வச்சு இழுத்து இழுத்துப் பாத்தேன். (எதிர் வீட்டு மாமி அம்மாகிட்ட விசாரிச்சது தனிக்கதை.) எனக்குத் தோதான இடம் 63 செ.மீ. கணக்குப்படி பாரம் 24 கிலோவா ஏறுது. ஆனா முழங்கை மடங்கி இருக்கு, முதுகு நிமிந்து இருக்கு, கால் பாரத்தை வாங்குது. இந்த 12 செ.மீ. வித்தியாசத்தை எந்தக் கடையிலயும் விக்க மாட்டாங்க. சட்டைக்கு அளவு எடுக்கத் தையக்காரர் வேணும், ஆனா 10 கிலோ இழுக்குற கருவி மட்டும் ஊருக்கெல்லாம் ஒரே அளவுன்னா எப்படிங்க?

இப்ப மறுபடி என் கட்சிக்காரங்ககிட்ட வர்றேன். ராடு செய்யுறவங்கள்ல ஒரு கோஷ்டி இருக்கு. கம்பை அழுத்தி உருட்டி அதோட 'முதுகெலும்பு' எங்கன்னு கண்டுபிடிச்சு, அதுக்கு நேரா வளையம் கட்டலைன்னா ராடு கையில முறுக்கிக்கும்னு சத்தியம் பண்ணுவாங்க. வாஸ்து தோத்துச்சு போங்க! நாம பேசுற ராடுல வளையம் கீழ தொங்குது. பாரம் கீழ் நோக்கி இழுக்குது. தொங்குற பொருள் எதுக்குங்க தலைகீழா முறுக்கப் போகுது? வளையம் மேல இருக்கிற ராடுலதான் முறுக்குற ஆசை வரும், அதுக்கும் காரணம் முதுகெலும்பு இல்ல, வளையம் மேல நிக்கிறதுதான்.

இந்தக் கோஷ்டியே புலிவரி டிசைன்ல நூல் சுத்தி, பேரைத் தங்க எழுத்துல எழுதி, போட்டோ பிடிச்சு மாட்டிடும். பாரம் தொங்கவிட்டுப் பாத்தீங்களான்னு கேட்டா முழிக்கும். செய்ய வேண்டியது அதுதானே? வளையங்களை டேப்புல தற்காலிகமா ஒட்டி, நூலைக் கோத்து, நுனியில தண்ணி கேனைக் கட்டித் தூக்கணும். வளைவுல எங்கயாவது ரெண்டு வளையத்துக்கு நடுவுல நூல் கம்பை விட்டு விலகி நேர்கோடா போச்சுன்னா, வளையத்தை நகர்த்தணும். நான் 7 வளையத்தை 4 தடவை நகர்த்தினேன். அடி வளையம் 40 மி.மீ., ரீல்ல இருந்து சுருள் சுருளா வர்ற நூலை அடக்க. நுனிப் பக்கம் 16 மி.மீ., முடிச்சு தடையில்லாம வெளிய போக.

நூல் சுத்துறது ஒண்ணும் பிரம்ம வித்தை இல்ல. கிரிக்கெட் பேட் பிடியில நூல் சுத்தி, கடைசியில கண்ணி போட்டு முனைய உள்ள இழுத்து மறைப்பாங்களே, அச்சு அசல் அதே. மேல எபாக்ஸி பூசி, காயுற வரைக்கும் கம்பு மெதுவா சுத்திக்கிட்டே இருக்கணும், இல்லைன்னா வழிஞ்சு தொங்கும். பழைய மைக்ரோவேவ் அடுப்புல தட்டைச் சுத்துற மோட்டாரைக் கழட்டி மாட்டினேன். நிமிஷத்துக்கு 5, 6 சுத்து. ரெண்டு திரவத்தையும் சரிபாதி கலக்கணும். முதல் தடவை கண்ணால அளந்து, மூணு நாள் கழிச்சும் பிசின் மாதிரி பிசுபிசுன்னு இருந்துச்சு. பிளேடால சுரண்டி எடுத்துட்டு மறுபடி முதல்ல இருந்து. கம்பைல் ஆகாத கோடு கூட எங்க தப்புன்னு லைன் நம்பர் சொல்லும், எபாக்ஸி சொல்லாது.

"கட்டுமரத்துல போறவர் வெறும் கையில தங்கூசிய வச்சே பிடிக்கிறாரே, உனக்கு ஏன் இந்த ஆடம்பரம்?"னு கேக்குறவங்களுக்கு: நூத்துக்கு நூறு சரி. சோத்துக்குப் பிடிக்கக் கைத்தூண்டில் போதும். 150 கிராம் கட்டைய நெடுந்தூரம் எறியத்தான் கம்பு. ஆனா ஒண்ணைக் கவனிங்க. அவர் தன் தூண்டிலைத் தானே கட்டுறார், முள்ளைத் தானே கோக்குறார், எந்த முடிச்சு நிக்கும்னு கைக்குத் தெரியும். அவர் என் கட்சி, உங்க கட்சி இல்ல.

அப்புறம் "வெள்ளக்காரன் செஞ்சாதான் தரம்" கோஷ்டி. 19ஆம் நூற்றாண்டுல அமெரிக்காக்காரங்க தூண்டில் செய்யப் பிளந்து ஒட்டினது 'கல்கத்தா மூங்கில்'னு அவங்க பேர் வச்ச நம்ம ஊர் மூங்கிலை. அப்புறம் தென் சீனாவோட டோங்கின் மூங்கிலுக்கு மாறினாங்க. 1950ல சீனச் சரக்குக்கு அமெரிக்கா தடை போட்டதும் அதுவும் நின்னு, கண்ணாடி இழை கோலோச்சுச்சு. கார்பன் கடைக்கு வந்தது 1970கள்ல. எந்தப் பொருள் வந்தாலும் அதை யாரோ ஒருத்தர் கையால வளைச்சுப் பாத்துத்தான் கத்துக்கிட்டாங்க.

நாம? பி.இ. முதல் வருஷ வொர்க்‌ஷாப் ஞாபகம் இருக்கா? ரெண்டு இரும்புத் துண்டை அரம் வச்சுத் தேச்சுப் பொருத்தணும். எத்தனை பேர் சீனியரோட துண்டைச் சாணைத்தாள்ல தேச்சு மார்க் வாங்கினோம்? நானும்தான். பட்டத்துல 'பொறியியல்'னு போட்டிருக்கு, கையில ஒரு தழும்பு கிடையாது. அந்த வெட்கத்தை மறைக்கத்தான் நூல் சுத்துறவனைப் பாத்துச் சிரிக்கிறோம்னு தோணுது.

2024 பிப்ரவரியில என் ராடோட மறுபடி போனேன். பஞ்சு சோதனை முடிச்சு, மூமுள்ளைக் கழட்டிட்டு முனைக் கொக்கி நசுக்கின ஒத்தை முள் போட்டு, ரெண்டு நாள் எறிஞ்சு எறிஞ்சு தோள் கழண்டப்புறம் ஒருத்தர் வந்தார். தராசுல தொங்கவிடல. படகோட்டி அண்ணன் கண்மதிப்புல 18 கிலோ. 9 நிமிஷம். இழுபறி நீண்டா மீன் களைச்சுப்போய், விட்டாலும் பிழைக்காது. அதனாலதான் கருவி பலமா, உடம்புக்குப் பொருத்தமா இருக்கணும்னு இவ்வளவு கத்துறேன். முள் கையாலயே கழண்டு வந்துச்சு. வாலைப் பிடிச்சு தண்ணியில நிறுத்தினேன், ஒரு உதறு உதறி முகத்துல தண்ணி அடிச்சுட்டுப் போயிட்டார்.

எல்லாரும் தூண்டில் செய்யணும்னு நான் சொல்லல. கடையில வாங்குங்க, தப்பே இல்ல. வாங்கினதைப் பஞ்சு வச்சுப் பாருங்க, தண்ணி கேன் கட்டித் தூக்கிப் பாருங்க, உங்க கைக்கு அளந்து பாருங்க. அதையும் செய்ய மாட்டேன்னா, செய்யுறவனைப் பாத்துச் சிரிக்காமயாவது இருங்க.

நண்பரே, இதைப் படிச்சா தெரிஞ்சுக்குங்க. ஆமா, நான் தறிக்காரன் பேரன்தான். என் நூல் அறுந்து போகல.

டிஸ்கி 1: வண்டூர் பக்கம் இருக்கிற மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்கா எல்லைக்குள்ள தூண்டில் போடக் கூடாது. அனுமதி உள்ள படகுல, அனுமதி உள்ள இடத்துக்கு மட்டும் போங்க.

டிஸ்கி 2: முதுகெலும்புக் கோஷ்டி ஆட்டோ அனுப்புறதா இருந்தா வாரக் கடைசியில அனுப்பவும். மத்த நாள்ல ஆணி.