18,000 ரூபாய்க்கு ஒரு பொய்



கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். பொறுமை இல்லாதவர்கள் ஒரு லைக் போட்டுவிட்டுப் போகலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன். ஆனால் ஆட்டோமேட்டிக் கார் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து முழுதும் படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை என் பழைய மாணவன் ஒருவன் சேலையூர் வீட்டுக்கு வந்தான். பெயர் வேண்டாம். பிளஸ் டூவில் இயற்பியலுக்கு 200க்கு 197 வாங்கியவன் என்பது மட்டும் இந்தக் கதைக்குத் தேவை. வந்தது கூரை மடங்கும் ஜெர்மன் கார். செகண்ட் ஹேண்டுதான், ஆனாலும் அந்தப் பணத்தில் முடிச்சூரில் ஒரு ஃபிளாட் வாங்கியிருக்கலாம். பொத்தானை அழுத்தியதும் கூரை தானாக எழும்பி மடிந்து பின்னால் போய் உட்கார்ந்துகொண்டது. தெருவே கூடிவிட்டது. எதிர்வீட்டுப் பாட்டி கன்னத்தில் போட்டுக்கொண்டார். எனக்கும் சந்தோஷம்தான். சைக்கிளில் வந்து டியூஷன் படித்த பிள்ளை.

காபி குடிக்கும்போது குறையைச் சொன்னான். "வண்டி சூப்பர் சார். ஆனா மிதிச்சா உடனே கிளம்பாது. ஒரு செகண்ட் யோசிக்கும். ஜி.எஸ்.டி. ரோட்டுல பின்னாடி வர்றவன் ஹாரன் அடிச்சே கொன்னுடுவான். அதான் ஆக்சிலரேட்டர்ல ஒரு பெட்டி மாட்டிட்டேன், 18,000 ரூபாய். இப்போ பவர் எகிறுது சார்."

பவர் எகிறுகிறதாம். 197 மார்க்!

பெட்டியின் பெருமையைக் கிளம்பும்போது கண்ணால் பார்த்தேன். ரிவர்ஸில் போட்டு, பெடலை லேசாகத் தொட்டான். தொட்டான் என்றுதான் சொல்ல வேண்டும், மிதிக்கவில்லை. வண்டி ஒரு துள்ளு துள்ளிப் பின்னால் பாய்ந்தது. எதிரே புங்க மரத்தடியில் இருபது வருடமாக நிற்கும் இஸ்திரி வண்டிக்கு இரண்டு சாண் தூரத்தில் பிரேக் பிடித்து நின்றது. இஸ்திரிக்காரர் கையில் கங்கு நிறைந்த பெட்டியோடு துள்ளி விலகினார். மடித்து வைத்திருந்த துணியெல்லாம் மண்ணில். யாருக்கும் அடி இல்லை. மாணவன் முகம் வெளுத்துவிட்டது. இறங்கி வந்து அவரிடம் மன்னிப்புக் கேட்டான், துணியைப் பொறுக்கிக் கொடுத்தான்.

இதை நம் குடும்ப வாட்ஸப் குழுவில் எழுதினேன். என் தங்கை மகன் உடனே பதில் போட்டான்: "மாமா, அது பெட்டியோட தப்பில்ல. பழகிட்டா சரியாகிடும். நானும் ஒண்ணு ஆர்டர் பண்ணலாம்னு இருக்கேன்." அதற்குக் கட்டைவிரல் உயர்த்தியவர்கள் ஒன்பது பேர். அதில் மூன்று பேர் இன்ஜினியர்கள். அந்த ஒன்பது பேருக்காகத்தான் இந்தப் பதிவு.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். குறை உண்மையானது. வெளிவட்டச் சாலையிலிருந்து வண்டலூரில் ஜி.எஸ்.டி. சாலைக்குள் நுழையும்போது, வலப்பக்கம் கிளாம்பாக்கம் பஸ் ஒன்று வந்துகொண்டிருக்க, நீங்கள் மிதித்தும் கார் ஒரு விநாடி சும்மா இருந்தால் அது விளையாட்டல்ல. மணிக்கு 60 கிலோமீட்டரில் வரும் பஸ் ஒரு விநாடியில் பதினாறு மீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். ஆகவே "பணக்காரப் பிள்ளையின் புலம்பல்" என்று நான் தள்ளவில்லை. அந்த ஒரு விநாடி எங்கே போகிறது என்று கேட்காமல் கடைக்கு ஓடியதுதான் என் கோபம்.

என் பழைய ஸ்கூட்டரில் கைப்பிடியைத் திருகினால் ஒரு கம்பி நேராகப் போய் கார்புரேட்டரின் வாயைத் திறக்கும். கைக்கும் இன்ஜினுக்கும் நடுவே ஆள் கிடையாது. இன்றைய காரில் அந்தக் கம்பி இல்லை. பெடலை மிதிப்பது ஒரு மனுப் போடுவது மாதிரி. பெடலில் உள்ள சென்சார் எவ்வளவு மிதித்தீர்கள் என்று கம்ப்யூட்டருக்கு எழுதி அனுப்பும். கம்ப்யூட்டர் பரிசீலித்து, காற்று போகும் வால்வை ஒரு சின்ன மோட்டார் மூலம் திறக்கும். பாதி மிதித்தால் பாதிதான் திறக்கும் என்ற நியாயம் இல்லை. தொடக்கத்தில் கஞ்சத்தனமாகத் திறக்கும்படி, வண்டி குலுங்காமல் கிளம்பவும் பெட்ரோல் மிச்சமாகவும், கார் செய்தவர்களே எழுதி வைத்திருப்பார்கள். இது ஒரு தாமதம்.

இரண்டாவது, டர்போ. வெளியேறும் புகை ஒரு சக்கரத்தைச் சுழற்ற, அந்தச் சக்கரம் காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும். இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போது புகையே கொஞ்சம்தான். சக்கரம் வேகம் எடுக்க நேரம் ஆகும்.

மூன்றாவது, கியர்பாக்ஸ். எட்டு கியர் உள்ள ஆட்டோமேட்டிக், சிக்கனத்துக்காக முடிந்தவரை மேல் கியரிலேயே உருண்டுகொண்டிருக்கும். திடீரென்று மிதித்தால் ஏழிலிருந்து நாலுக்கோ மூன்றுக்கோ இறங்க வேண்டும். உள்ளே ஒரு கிளட்ச் விட்டு இன்னொரு கிளட்ச் பிடிக்க வேண்டும். பல கியர்பாக்ஸ்கள் ஓட்டுகிறவரின் பழக்கத்தையும் கற்றுக்கொள்ளும். ஆறு மாதம் குரோம்பேட்டை நெரிசலில் ஊர்ந்த கார், "இவர் சாது" என்று முடிவு கட்டியிருக்கும்.

இதோடு கூரை மடங்கும் கார்களுக்கென்று ஒரு சுமை உண்டு. சாதாரணக் காரில் கூரையும் ஒரு எலும்பு. அதை எடுத்துவிட்டால் உடம்பு முறுக்கிக்கொள்ளாமல் இருக்க அடியில் கூடுதல் இரும்பு வேண்டும், கூரையை மடக்கும் மோட்டார்களும் வேண்டும். அதே மாடல் கூரை வைத்த காரைவிட நூறு, இருநூறு கிலோ கூடிவிடும். விசை அதே, நிறை அதிகம் என்றால் முடுக்கம் என்ன ஆகும்? ஒன்பதாம் வகுப்புக் கேள்வி இது.

நம்ம ஊர் வெயிலையும் சேருங்கள். 15 டிகிரிக் காற்றோடு ஒப்பிட்டால் 40 டிகிரிக் காற்றின் அடர்த்தி சுமார் எட்டு சதவீதம் குறைவு. கெல்வினில் போட்டுப் பாருங்கள், 288-ஐ 313-ஆல் வகுத்தால் போதும். டர்போ அதை ஓரளவு ஈடுகட்டும். ஆனால் டர்போ சுழல ஆரம்பிக்கும் முன்பு ஈடுகட்ட ஆளில்லை. கூரையைத் திறந்துவிட்டு ஏ.சி.யையும் முழுதாக வைத்து ஓட்டுகிறவர்களைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை.

இப்போது பெட்டிக்கு வருவோம். அது பெடலுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே உட்கார்ந்துகொள்கிறது. நீங்கள் 20 சதவீதம் மிதித்தால், "40 மிதித்தார்" என்று மாற்றிச் சொல்கிறது. செய்வது அவ்வளவுதான். முழுதாக மிதித்தால் இரண்டும் 100தான். இன்ஜினுக்கு ஒரு குதிரைசக்திகூடச் சேராது. ரேடியோவில் பாதி திருகும்போதே முழுச் சத்தம் வரும்படி குமிழை மாற்றி வைத்தால் ஸ்பீக்கர் பெரிதாகிவிடுமா? டர்போவின் தாமதம் அப்படியே இருக்கிறது. கார் கனமும் அப்படியே. 20 மிதித்ததை 40 என்று கேட்டால் கியர்பாக்ஸ் கொஞ்சம் சீக்கிரம் இறங்கும், உண்மை. அதையே இனாமாக உங்கள் காலாலும் செய்யலாமே? இன்னும் கொஞ்சம் மிதியுங்கள்! 18,000 ரூபாய் கொடுத்து வாங்கியது கணுக்காலுக்கு ஓய்வு.

இதுவரை சொன்னது வீண் செலவு. இனி சொல்லப்போவதுதான் என்னைத் தூங்கவிடாதது.

அந்தப் பெடலில் சென்சார் ஒன்று அல்ல, இரண்டு. இரண்டும் வெவ்வேறு அளவு மின்னழுத்தத்தில் ஒரே செய்தியைச் சொல்லும். கம்ப்யூட்டர் இரண்டையும் ஒப்பிட்டு, பொருந்தாவிட்டால் ஏதோ கோளாறு என்று இன்ஜினை அடக்கிவிடும். நடுவில் கம்பி இல்லாத வண்டியில் ஓட்டுநரின் சொல்லைத் தவறாகக் கேட்டுவிடக் கூடாது என்பதற்காக வைத்த இரண்டு சாட்சிகள் அவை. பெட்டி என்ன செய்கிறது? இரண்டு சாட்சிக்கும் ஒரே பொய்யைச் சொல்லிக்கொடுத்துக் கூண்டில் ஏற்றுகிறது. இரண்டும் பொருந்துகின்றன, ஆகவே கம்ப்யூட்டர் நம்புகிறது. நாளைக்கு அந்தப் பெட்டியே கெட்டுப்போனால் என்ன சொல்லும்? மழையில் கூரை மூட மறந்து உள்ளே தண்ணீர் இறங்கினால்?

இவன் வாங்கிய பெட்டிக்கு வண்டி எந்த கியரில் நிற்கிறது என்பதும் தெரியாது. முன்னால் போகும்போது இருக்கும் அதே வேகக்கொதிப்பு ரிவர்ஸிலும் இருக்கும். கார்காரர்கள் தொடக்கத்தில் கஞ்சத்தனமாக எழுதி வைத்தார்கள் என்று சொன்னேனே, அந்தக் கஞ்சத்தனம்தான் இத்தனை நாள் இஸ்திரிக்காரரைக் காப்பாற்றியது. பார்க்கிங்கில், தெருமுனையில், பள்ளிக்கூட வாசலில் நாம் பெடலை முதல் பத்து சதவீதத்துக்குள்தான் வைத்து ஓட்டுகிறோம். அந்த இடத்தைத்தான் பெட்டி கூர் தீட்டுகிறது. "பழகிட்டா சரியாகிடும்" என்று எழுதினாயே மாப்பிள்ளை, உன் காரை உன் அப்பாவும் எடுக்கிறார். அவருக்கு எழுபத்திரண்டு வயது. அவருக்கு யார் பழக்குவார்கள்? வாலட் பார்க்கிங் பையனுக்கு?

இன்னொரு குற்றச்சாட்டும் இருக்கிறது. பெட்டி நோயை மறைக்கிறது. ஜுரமானியைக் குளிர்ந்த தண்ணீரில் முக்கி எடுத்துக் காட்டிவிட்டுப் பிள்ளையைப் பரீட்சைக்கு அனுப்புகிற வேலை. மந்தம் என்பது பல சமயம் வண்டி சொல்லும் புகார். காற்று வடிகட்டி புழுதியில் அடைத்திருக்கலாம். மேடவாக்கம் பக்கம் சாலையைத் தோண்டாத நாள் உண்டா? த்ராட்டில் வால்வில் கரி படிந்திருக்கலாம். உள்ளே போகும் காற்றை அளக்கும் சென்சார் அழுக்காகியிருக்கலாம். ஸ்பார்க் பிளக் தேய்ந்திருக்கலாம். மானுவலில் போட்டிருப்பதைவிடக் குறைந்த ஆக்டேன் பெட்ரோலை ஊற்றிக்கொண்டிருக்கலாம். அப்போது இன்ஜின் தட்டாமல் இருக்கக் கம்ப்யூட்டர் தீப்பொறியைத் தாமதப்படுத்தும், இழுவை குறையும். பழைய கார் என்றால் 2015 டிசம்பரிலோ, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலோ தண்ணீரில் நின்றதா என்று விசாரிக்க வேண்டும். வரதராஜபுரம், முடிச்சூர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இவன் விஷயத்திலும் அதுதான் நடந்தது. "நாளைக்கே பெட்டியைக் கழற்றிவிட்டு ஒரு நல்ல மெக்கானிக்கிடம் காட்டு" என்றேன். பள்ளிக்கூடத்தில் கேட்டானோ இல்லையோ, இப்போது கேட்டான். டர்போவிலிருந்து இன்ஜினுக்குப் போகும் பிளாஸ்டிக் குழாயில் விரிசல். அழுத்திய காற்றில் ஒரு பங்கு வழியிலேயே புஸ்ஸென்று போய்க்கொண்டிருந்திருக்கிறது. ஏர் ஃபில்டர் அடுப்புத் துணி நிறம். குழாயை மாற்றி, ஃபில்டர் மாற்றி, வால்வைத் துடைத்து, கியர்பாக்ஸின் பழைய படிப்பினையை அழித்துப் புதிதாகக் கற்கவிட்டிருக்கிறார்கள். வெளிவட்டச் சாலையில் ஏறும்போது மட்டும் ஸ்போர்ட் மோடு போடச் சொன்னேன். அந்தப் பொத்தான் காரிலேயே இருக்கிறது, காசு கொடுத்தாயிற்று. அது கியர்பாக்ஸிடமும் சேர்த்துப் பேசும். பெட்டியால் அது முடியாது. நுழைவதற்கு முன்பே ஸ்டியரிங் பின்னாலுள்ள துடுப்பைத் தட்டி ஒரு கியர் இறக்கி வைத்துக்கொண்டால் அந்த ஒரு விநாடியில் பெரும்பகுதி மிச்சம். "இதெல்லாம் முதல்லயே தெரிஞ்சிருந்தா..." என்றான். மானுவல் புத்தகம் கிளவ் பாக்ஸில் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் கிடந்ததாம்.

"சாருக்குக் காரைப் பத்தி என்ன தெரியும், அவர் ஓட்டினது ஸ்கூட்டர்தானே" என்று ஒருவர் கமெண்டில் எழுதப்போகிறார், யாரென்றும் எனக்குத் தெரியும். சரி, எனக்கு வேண்டாம். பெட்டியை மாட்டிய பிறகு உங்கள் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவியுங்கள். வாரண்டி இருந்தால் ஷோரூமுக்கும் தெரிவியுங்கள். "ஆக்சிலரேட்டர் சென்சாருக்கு நடுவே வெளிப்பெட்டி ஒன்று வைத்திருக்கிறேன்" என்று ஒரு வரி. என்ன பதில் வருகிறது என்று பார்த்துவிட்டு என்னிடம் வாதாடுங்கள். தெரிவிக்கத் தயக்கமாக இருக்கிறதா? ஏன்?

வேகம்தான் வேண்டும் என்றால் இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத் தடம் இருக்கிறது. அங்கே இஸ்திரி வண்டி நிற்காது.

இஸ்திரிக்காரருக்கு மாணவன் இந்த வாரம் மறுபடி வந்து ஒரு புதுப் பெஞ்சு வாங்கிக் கொடுத்தான். அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "அந்தத் தம்பி இனிமே வண்டியத் திருப்பிட்டு வந்து நிறுத்துவாரா சார்?" திருப்பி நிறுத்தச் சொல்லியிருக்கிறேன்.

பெட்டி இப்போது என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. விற்றுவிடலாம் என்றான், நான்தான் வாங்கி வைத்துக்கொண்டேன். யாரும் விலை கேட்டு மெசெஞ்சரில் வர வேண்டாம். பிளஸ் டூ படிக்கும் பேரப்பிள்ளைகள் யாராவது வோல்ட்மீட்டரோடு வந்தால் திறந்து காட்டுகிறேன்.