குக்ரி, முல்லா, ஹட் பே: பெயர் சூட்டுதல் குறித்துச் சில சொற்கள்

கடந்த டிசம்பர் 9 அன்று களப்பணி முடித்து, லிட்டில் அந்தமான் தீவின் ஹட் பே ஜெட்டியில் கப்பலுக்காகக் காத்திருந்தேன். 1971ஆம் ஆண்டு அதே நாளில் மூழ்கிய ‘குக்ரி’ போர்க்கப்பலின் பழைய படமொன்று என் கைப்பேசித் திரையில் இருந்தது. அருகில் அமர்ந்திருந்த கல்லூரி மாணவர் அதைப் பார்த்துவிட்டு, “குக்ரி என்பது அந்தக் கப்பல் தலைவரின் பெயரா அண்ணா?” என்று கேட்டார். இல்லை, தலைவரின் பெயர் மகேந்திரநாத் முல்லா. குக்ரி என்பது கூர்க்கர்களின் வளைந்த கத்தி என்றேன். “அப்படியானால் அவர் பெயரில் கப்பலே இல்லையா?” என்றார். இல்லை என்று சொல்லிவிட்டேன். ஏன் இல்லை என்பதையும், இல்லாதிருப்பது குறையா என்பதையும் அப்போது விளக்க முடியவில்லை. இப்பதிவு அந்த மாணவருக்கான காலந்தாழ்ந்த விடை.

முதலில் கப்பலின் வரலாறு. குக்ரி 1958இல் இந்தியக் கடற்படையில் சேர்ந்த ஃபிரிகேட் வகைக் கப்பல். நீர்மூழ்கிகளை வேட்டையாடுவதற்கென்றே பிரிட்டன் வடிவமைத்த வரிசையைச் சேர்ந்தது. அவ்வரிசையின் முதற்கப்பல் ‘பிளாக்வுட்’. 1805இல் டிரஃபால்கர் போரில் ‘யூரியாலஸ்’ என்னும் ஃபிரிகேட்டை நடத்திய ஹென்றி பிளாக்வுட்டின் பெயர் அது. உடன்பிறந்த கப்பல்களுக்கும் ஹார்டி, கெப்பல், பெல்யூ, டங்கன் எனப் பழைய கடற்படைத் தளபதிகளின் பெயர்களையே பிரிட்டன் சூட்டியது. அதே வரைபடத்தின்படி கட்டப்பட்ட மூன்று கப்பல்களை இந்தியா வாங்கியபோது அவற்றுக்கு இட்ட பெயர்கள் குக்ரி, கிர்பான், குடார். ஒன்று கூர்க்கரின் கத்தி, ஒன்று சீக்கியரின் வாள், ஒன்று கோடரி. அங்கே தளபதிகள் நின்ற இடத்தில் இங்கே கருவிகள் நின்றன.

இது ஒருமுறை நேர்ந்த தற்செயல் அன்று. இந்திய ஃபிரிகேட்டுகளின் பெயர்ப்பட்டியலை எடுத்துப் பாருங்கள். திரிசூல், தல்வார் ஆகியவை ஆயுதங்கள். பிரம்மபுத்ரா, பியாஸ், பேத்வா, கோதாவரி ஆகியவை ஆறுகள். 1972இல் கடற்படையில் சேர்ந்த, இந்தியாவில் கட்டப்பட்ட முதல் ஃபிரிகேட்டின் பெயர் நம் நீலகிரி; 2025 ஜனவரியில் அதே பெயரில் புதியதொரு கப்பலும் சேர்ந்துள்ளது. இவற்றுள் ஒன்றுக்குக்கூடக் கடற்படை அதிகாரி ஒருவரின் பெயர் சூட்டப்படவில்லை. மனிதர் பெயர்களை நம் கடற்படை பெரும்பாலும் கரையில்தான் வைத்திருக்கிறது. மும்பையில் ஆங்கிரே, குஞ்ஞாலி ஆகிய தளங்களும் திருநெல்வேலி மாவட்டத்தில் கட்டபொம்மன் தளமும் அவ்வகையின. இன்னொரு வினோதமும் உண்டு. பரம்வீர் சக்ரா பெற்ற படைவீரர்களின் பெயர்களை 1980களில் இந்தியக் கப்பல் கழகம் தன் எண்ணெய்க் கப்பல்களுக்குச் சூட்டியது. தரையில் போரிட்டவர்களின் பெயரைச் சரக்குக் கப்பல்கள் சுமந்தன. கடலில் போரிட்டவர்களின் பெயரைப் போர்க்கப்பல்கள் சுமக்கவில்லை.

1971 டிசம்பர் 9 இரவு, டையூவுக்கு அப்பால், பாகிஸ்தானின் ‘ஹாங்கோர்’ நீர்மூழ்கி ஏவிய டார்பிடோவால் குக்ரி மூழ்கியது. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் மாண்டனர். கப்பலைக் கைவிடும்படி ஆணையிட்ட முல்லா, தாம் மட்டும் கப்பலை விட்டு நீங்கவில்லை. அவருக்கு மகாவீர் சக்ரா வழங்கப்பட்டது. 1989இல் ஒரு புதிய கார்வெட் கப்பலுக்குப் பெயர் தேவைப்பட்டபோது கடற்படை தெரிந்தெடுத்தது முல்லாவின் பெயரை அன்று, குக்ரி என்னும் பெயரை. அக்கப்பல் 32 ஆண்டுகள் பணியாற்றி 2021 டிசம்பரில் ஓய்வுபெற்று, டையூவில் நினைவுச் சின்னமாக வைக்கப்பட ஒப்படைக்கப்பட்டது.

மேலோட்டமாகப் பார்த்தால் முல்லாவுக்கு நியாயம் செய்யப்படவில்லை என்று தோன்றலாம். நான் அவ்வாறு கருதவில்லை. கப்பலுக்கு முல்லா என்று பெயரிட்டிருந்தால் அது ஒருவரின் நினைவாக நின்றிருக்கும். குக்ரி என்ற பெயர் முல்லாவையும் உள்ளடக்கியது. இயந்திர அறையில் மாண்ட, நம்மில் யாருக்கும் பெயர் தெரியாத மாலுமியையும் உள்ளடக்கியது. தலைவன் தன் கப்பலோடும் தன் மக்களோடும் இருக்க விரும்பினான் என்பதுதானே அந்த இரவின் செய்தி? அவனைப் பிரித்தெடுத்துத் தனியே உயர்த்தாத பெயர், அந்தச் செய்திக்கு உண்மையாக இருக்கிறது.

இனி நான் நின்றிருந்த தீவுக்கூட்டத்துக்கு வருகிறேன். கப்பலுக்குப் பெயர் தேடும்போது கடற்படை இத்தீவுகளையும் நாடியதுண்டு. அந்தமான், கமோர்ட்டா, கட்சால் என்னும் பெயர்களில் போர்க்கப்பல்கள் இருந்தன. கமோர்ட்டா என்ற பெயர் 2014 முதல் மீண்டும் பணியில் உள்ளது. சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தின்பின் இலங்கையிலிருந்து திரும்பிய மலையகத் தமிழர்கள் ரப்பர்த் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்ட தீவுதான் கட்சால். அங்கே தீவின் பெயர் கப்பலுக்குச் சென்றது. ஆனால் அந்தமானின் வரைபடம் உருவான கதை இதற்கு நேர்மாறானது. இங்கே அதிகாரிகளின் பெயரும் கப்பல்களின் பெயரும் நிலத்தின்மேல் வந்து அமர்ந்தன.

பம்பாய் மரைன் என்னும் கம்பெனிக் கடற்படையின் லெப்டினன்ட் ஆர்ச்சிபால்ட் பிளேர் 1788–89இல் இத்தீவுகளை அளந்தார். அவருடைய கலங்களில் ஒன்றான ‘வைப்பர்’ ஒரு தீவுக்குப் பெயராயிற்று. பிற்காலத்தில் சங்கிலியிட்ட கைதிகளின் சிறை இருந்ததும், மேயோ பிரபுவைக் கொன்ற ஷேர் அலி 1872இல் தூக்கிலிடப்பட்டதும் அத்தீவில்தான். பிளேர் அமைத்த முதற்குடியேற்றத்துக்குக் கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸின் பெயர் இடப்பட்டது. அவருடைய தம்பியும் கடற்படைத் தலைவருமான வில்லியம் கார்ன்வாலிஸின் ஆலோசனைப்படி 1792இல் குடியேற்றம் வடக்கே மாறியபோது, மூட்டை முடிச்சோடு பெயரும் உடன் சென்றது. 1796இல் நோயின் கொடுமையால் அதுவும் கைவிடப்பட்டது. 1858இல் கைதிகளுக்கான குடியேற்றம் தொடங்கியபோது பழைய துறை போர்ட் பிளேர் ஆனது. கடல் அளவையாளர் டேனியல் ராஸ், 1857 எழுச்சியை ஒடுக்கிய ஹேவ்லாக், நீல் ஆகியோரும் தீவுகளாயினர். பிந்திய இருவரும் தரைப்படையினர்.

நீல் என்ற பெயர் சென்னைக்குப் புதிதன்று. மவுண்ட் ரோட்டில் நின்ற நீல் சிலையை அகற்றக் கோரி 1927இல் தொண்டர்கள் மறியல் செய்து சிறை சென்றனர். 1937இல் ராஜாஜி அமைச்சரவைக் காலத்தில் அச்சிலை அருங்காட்சியகத்துக்குப் போயிற்று. அதே நீலின் பெயரை அந்தமான் தீவு 2018 வரை சுமந்தது. சிலையைப் பெயர்க்க எடுத்ததைவிட வரைபடத்திலிருந்து பெயரை அகற்ற இன்னும் 81 ஆண்டுகள் தேவைப்பட்டன. வெண்கலத்தைவிடக் காகிதம் உறுதியானது என்பதை ஆய்வாளர்களாகிய நாம் மனத்திற் கொள்ள வேண்டும்.

2018 டிசம்பரில் ராஸ், நீல், ஹேவ்லாக் ஆகிய தீவுகள் முறையே நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு, ஷாகித் தீவு, ஸ்வராஜ் தீவு ஆயின. 2023 ஜனவரி 23 அன்று பெயரற்றிருந்த 21 தீவுகளுக்குப் பரம்வீர் சக்ரா பெற்றவர்களின் பெயர்கள் சூட்டப்பட்டன. 2024 செப்டம்பரில் போர்ட் பிளேர் ஸ்ரீ விஜயபுரம் ஆயிற்று. குடியேற்ற ஆட்சியாளரின் பெயர்களை நீக்கியதில் எனக்கு மாறுபாடு இல்லை. நீலின் பெயர் நீங்கியதை நான் வரவேற்கிறேன். 21 பேருள் ஒருவரான மேஜர் ராமசாமி பரமேஸ்வரன், 1987 நவம்பரில் இலங்கை மண்ணில் மாண்டவர். அவருடைய துணிவும், அவர் அனுப்பப்பட்ட போரின் துயரமும் தமிழராகிய நமக்கு ஒருசேர நினைவில் இருப்பவை. ஆளில்லாத் தீவொன்று அவர் பெயரைத் தாங்குவதால் யாருடைய வீடும் பறிபோவதில்லை என்று ஒருவர் வாதிட்டால், அவ்வாதத்தில் நியாயம் உண்டு.

எனினும் இரண்டு கேள்விகள் எஞ்சுகின்றன. முதலாவது: அந்த 21 பேரில் ஒரு மாலுமிகூட இல்லை. கடற்படையினர் எவருக்கும் இதுவரை பரம்வீர் சக்ரா வழங்கப்பட்டதில்லை என்பதே காரணம். 1971 போரில் விக்ராந்த் விமானந்தாங்கிக் கப்பல் மறைந்து நின்றது அந்தமானின் ஒதுக்குப்புறத் துறையொன்றில். அந்த மறைவிடத்துக்குக் கடற்படை வைத்த சங்கேதப் பெயர் ‘எக்ஸ்ரே துறை’. அத்தகைய கடலின் நடுவே உள்ள தீவுகளுக்குப் பெயரிடும்போது கடலில் மாண்டவர் ஒருவரும் இடம்பெறவில்லை. பதக்கத்தின் தரவரிசையை வரைபடத்தின் அளவுகோலாக்கினால் இத்தகைய விடுபாடுகள் நேர்ந்தே தீரும்.

இரண்டாவது கேள்வி அடிப்படையானது. நாம் பெயர்களை மாற்றினோம். பெயரிடும் முறையை மாற்றினோமா? தொலைவில் இருக்கும் அரசு, தான் போற்றும் மனிதரின் பெயரைத் தீவின்மேல் எழுதுவதுதான் பிளேர் காலத்து முறை. எழுதுபவர் மாறிவிட்டார், எழுதப்படும் பெயரும் மாறிவிட்டது; ஆனால் அங்கு வாழ்ந்தவர் அவ்விடத்தை எவ்வாறு அழைத்தார் என்று கேட்கும் வழக்கம் இன்னும் வரவில்லை.

இங்குதான் ஹட் பே எனக்கு முக்கியமாகிறது. இப்பெயரில் எந்த அதிகாரியும் இல்லை. குடில் உள்ள வளைகுடா என்பதே அதன் பொருள். யாருடைய குடில்? குடியேற்றத்துக்கு முன் இத்தீவில் குடில் வேய்ந்து வாழ்ந்தவர்கள் ஓங்கே மக்களே. தேன்கூட்டு வடிவில் அவர்கள் அமைத்த வட்டமான பெருங்குடில்கள் மானிடவியல் நூல்களில் புகழ்பெற்றவை. எனவே இப்பெயரை இட்டவர் தம்மை அறியாமலேயே அவர்கள் இருப்புக்குச் சான்றளித்துவிட்டார் என்று நான் வாசிக்கிறேன்.

இத்தீவில் மனிதர் பெயர் எவ்வாறு பதிவாயிற்று என்பதற்கு 1867 நல்ல எடுத்துக்காட்டு. அவ்வாண்டு ‘அசாம் வேலி’ என்னும் கப்பலிலிருந்து இத்தீவில் இறங்கிய தலைவரும் மாலுமிகளும் திரும்பவில்லை. அவர்களைத் தேடி மே மாதம் ‘அரக்கான்’ கப்பலில் படையினர் வந்தனர். கரையில் ஓங்கேயர் பலர் சுட்டுக் கொல்லப்பட்டனர். கொந்தளித்த அலைகளில் சிக்கிய தம் வீரர்களைப் படகோட்டி மீட்டதற்காக மருத்துவர் டக்ளஸ் உள்ளிட்ட ஐவருக்கு விக்டோரியா கிராஸ் வழங்கப்பட்டது. எதிரியின்முன் காட்டிய வீரத்துக்காக அன்று, கடலின்முன் காட்டிய துணிவுக்காக. அந்த ஐவரின் பெயர்களும் இன்றும் தேடினால் உடனே கிடைக்கும். அதே கரையில் இறந்த ஓங்கேயர் ஒருவரின் பெயரும் ஆவணத்தில் இல்லை. அவர்கள் வெறும் எண்ணிக்கையாகவே எஞ்சினர். 1901இல் 672 என மதிப்பிடப்பட்ட அம்மக்கள் 2011 கணக்கெடுப்பில் 101 பேர். 1957இல் பழங்குடியினர் காப்பகமாக அறிவிக்கப்பட்ட தீவின் ஒரு பகுதி பின்னர் அந்நிலையிலிருந்து விடுவிக்கப்பட்டு, குடியேற்றங்கள் வளர்ந்தன. இன்று ஹட் பேயில் வங்காளம், நிக்கோபாரி, தமிழ், தெலுங்கு எல்லாம் ஒலிக்கின்றன. ஓங்கே மொழிதான் அரிது.

ஆகவே என் கருத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒருநாள் ஹட் பேக்கும் பெயர் மாற்றம் முன்மொழியப்படலாம். எவ்வளவு பெரியவராயினும் ஒரு மனிதரின் பெயரை இங்கு சூட்ட வேண்டாம். அந்நியச் சொல் உறுத்துமானால், அதற்குரிய மாற்று ஓங்கே மொழியிலிருந்து, அம்மக்களைக் கேட்டு, அவர்கள் விரும்பினால் மட்டும் வரட்டும். ஓங்கேயருக்கு இடம் என்பது காற்றோடும் மணத்தோடும் வேட்டைப் பருவத்தோடும் பிணைந்தது என விஷ்வஜித் பாண்டியாவின் ஆய்வுகள் காட்டுகின்றன. அத்தகைய இடப்பெயர்களை இழப்பது அகராதியிலிருந்து சில சொற்களை இழப்பது மட்டுமன்று; தீவைப் பற்றிய ஓர் அறிவையே இழப்பதாகும்.

நம் மரபுக்கும் இது அயலானதன்று. ராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி நிக்கோபாரை ‘மாநக்கவாரம்’ என்கிறது. வென்றதாகச் சொல்லிக்கொள்ளும் மன்னனின் புகழ்ப்பாட்டே, அந்நிலத்துக்குத் தன் மன்னனின் பெயரை இடாமல், வழங்கிவந்த பெயரையே பதிந்திருக்கிறது.

மொழியியல், வரலாறு, மானிடவியல் படிக்கும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆய்வுத் தலைப்புத் தேடுவோர் அந்தமான் இடப்பெயர்களை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய கடல்வரைபடங்களிலும் நில அளவைக் குறிப்புகளிலும் பழங்குடியினர் பெயர்கள் சிதறிக் கிடக்கின்றன. அவற்றைத் தொகுப்பதற்குக் காப்பகப் பகுதிக்குள் யாரும் நுழையத் தேவையில்லை, நுழையவும் கூடாது. ஆவணக் காப்பகமே போதும்.

ஜெட்டியில் கேட்ட அந்த மாணவருக்கு இப்போது சொல்கிறேன்: தம்பி, முல்லாவின் பெயரில் கப்பல் இல்லைதான். குக்ரி என்று சொல்லும்போது அவரையும் சேர்த்து 194 பேரைச் சொல்கிறோம். அதேபோல் ஹட் பே என்று சொல்லும்போது அந்தக் குடிலில் இருந்தவர்களையும் நினைத்துக்கொள்.