லேப்டாப்புக்கும் மூச்சு முட்டும்!

அக்காவுக்கு ப்ளஸ் டூவில் கிடைத்த விலையில்லா லேப்டாப் இப்போ என்கிட்ட. ஆண்டு விழா வீடியோ எடிட் பண்ணும்போது அடுப்பு மாதிரி கொதித்து, தானாகவே ஆஃப் ஆயிடும். "தூக்கிப் போடு, புதுசு வாங்கு"ன்னு எல்லாரும் சொன்னாங்க. நான் ஒத்துக்க மாட்டேன். கோளாறு வயசில் இல்லை, தூசியில்! காற்று போகிற ஓட்டை அடைத்திருந்தால் எந்த மெஷினும் கொதிக்கத்தான் செய்யும். மெத்தை மேல வச்சா இன்னும் மோசம். (மே மாசத்தைக் கேட்கவே வேண்டாம்!)

கடையில் ஃபேனைச் சுத்தம் செய்து, சிப் மேல் காய்ந்துபோயிருந்த தெர்மல் பேஸ்ட்டை மாற்றினார்கள். பவர் ஆப்ஷன்ஸில் ப்ராசஸரின் உச்ச வேகத்தை 100 சதவீதத்திலிருந்து 80 ஆக்கினேன். வீடியோ முடிய நேரம் கூடுது, ஆனா நடுவில் அணையலை. அப்பா கடன் வாங்குறதுக்கு நான் கொஞ்சம் காத்திருக்கலாமே! கூலிங் பேட் வாங்கப் போறவங்க, முதல்ல அந்த ஓட்டையில டார்ச் அடிச்சுப் பாருங்க.