வேருள்ள மரங்கள்

யாழ்ப்பாணத்தவரான கறோல் விசுவநாதபிள்ளை 'வீசகணிதம்' என்னும் நூலைத் தமிழில் அச்சேற்றியது 1855ஆம் ஆண்டில். அட்சரகணிதம் நம் மொழிக்கு அன்றே அந்நியமன்று. ஆயினும், அதன் மிக அழகிய கிளையொன்று இன்னும் நம் வகுப்பறை வாயிலிலேயே நிற்கிறது.

வகையீட்டுச் சமன்பாடுகளிற் பெரும்பாலானவற்றுக்குச் சூத்திரமாகத் தீர்வு கிட்டாது. சிறுசிறு படிகளாக நடந்தே விடையை அணுகவேண்டும். படிதோறும் வழுவும் சேரும். ரூங்கே 1895இலும் குட்டா 1901இலும் வளர்த்த முறைகளுள் நான்காம் வரிசையைச் சேர்ந்ததில், படியைப் பாதியாக்கினால் முடிவிற் சேரும் வழு ஏறத்தாழப் பதினாறில் ஒரு பங்காகும். ஏன் பதினாறு? உண்மைத் தீர்வின் விரிவையும் முறை தரும் விரிவையும் உறுப்புக்கு உறுப்பு ஒப்பிட்டால் தெரியும். ஆனால் வரிசை ஏற ஏறக் கோவைகள் காடாய் மண்டிவிடும்.

அக்காட்டினூடே ஒழுங்கான பாதை வகுத்தவர் நியூசிலாந்து அறிஞர் ஜோன் புட்சர். 1963இல் வெளிவந்த கட்டுரையில், உறுப்பு ஒவ்வொன்றையும் வேருள்ள மரமாக வைத்து ஆராய்ந்தார். கணு ஒவ்வொன்றும் சார்பைக் குறிக்கும். அதிலிருந்து மேற்செல்லும் கிளைகளின் தொகை, அதனை எத்தனை முறை வகையிட்டோம் என்று சொல்லும். மரத்துக்கு ஒரு நிபந்தனை. நான்கு கணுக்கள்வரை எட்டு மரங்கள், ஐந்துவரை பதினேழு. நான்காம் வரிசைக்குப் படியொன்றில் நான்கு கணிப்புப் போதும். ஐந்தாம் வரிசைக்கோ, இவ்வகை நேர்முறைகளில், ஐந்து போதா, ஆறு வேண்டும்! இம்மரங்களின் அட்சரகணிதமே 1998இல் கான், கிரைமர் என்போரின் குவாண்டம் புலக்கொள்கை ஆய்விலும் தலைகாட்டியது.

இத்துறை நமக்குத் தொலைவானதுமன்று. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியராக விளங்கிய விக்னேஸ்வரன், கூப்பர் என்பவரோடு சேர்ந்து, படிதோறும் ஒரு சமன்பாட்டுத் தொகுதியையே தீர்க்கவேண்டிய ரூங்கே–குட்டா முறைகளைச் செயற்படுத்தும் வழிபற்றி 1990இல் எழுதினார். ஆங்கிலத்தில் எழுதினார்; உலகோடு பேச அதுவே தகும். நம் குறை வேறு. உயர்தரம்வரை தமிழிற் பயின்ற மாணவர், பல்கலைக்கழகத்தில் இம்முறையை ஆங்கிலத்தில், எண்கள் நிறைந்த வெறும் அட்டவணையாகச் சந்திக்கின்றனர். மனனஞ் செய்கின்றனர், ஏனென்று கேட்க நேரமில்லை.

கலைச்சொல் இல்லையென்பார் சிலர். வேர், கணு, கிளை, படி, வழு: இவற்றுள் எச்சொல்லைக் கடன் வாங்கவேண்டும்? ஐம்பது பக்கத்தில் ஒரு சிறுநூல் போதும். அதுவரை ஆசிரியர்கள் உயர்தர வகுப்பில் ஒரு பாடவேளையை ஒதுக்கி, ஐந்து கணுக்கள் கொண்ட மரங்களை மாணவரைக் கொண்டே வரைவிக்கலாம். ஒன்பது வரும். எட்டோடு நிறுத்துவோரே மிகுதியாயிருப்பர்.